காடியில் வைத்த உப்பு

இன்று காலை நம் வீட்டு போர்ச்சில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், நம் மகள், ரெங்கத்தில் காடி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் உங்கள் போர்மன் தம்பி. உங்களையும் சேர்த்தால் நான்கு. நீலக் காடியின் கதவை இழுத்துத் திறந்ததும் வந்த வாடை அப்படி இருந்தது. விபூதி, பழைய ஆயில், டேஷ்போர்டு பளபளக்க நீங்கள் தேய்த்த தேங்காய் எண்ணெய். "அண்ணன் உள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்குக்கா" என்றார் தம்பி. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்னங்க, காடியை விற்கப் போகிறோம். நீங்கள் கண் மூடிய பிறகு அது கேட்டைத் தாண்டவே இல்லை. இப்போது வேறு வழியும் இல்லை. கெலாங் பாத்தா தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மகள், தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் காடியில் தொற்றிக்கொண்டு போய்வருகிறாள். அந்தப் பெண்ணும் அடுத்த மாதம் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறாள். அதற்குள் சின்னதாக ஒரு காடிக்கு முன்பணம் கட்டாவிட்டால் இவள் வேலை போய்விடும். கைப்பிள்ளையோடு தனியாக வந்து நிற்கிறவள், வேலையையும் விட்டுவிட்டு என்ன செய்வாள்?

காடி என்ன பெறும் என்று நானே விசாரித்தேன். பழைய இரும்பு எடுப்பவன் எடை மட்டும்தான் கேட்டான். அறுநூறு வெள்ளிதான் தருவேன் என்றான். பழைய காடி விற்கும் கடைக்கு போன் செய்தால், எந்த வருடத்துக் காடி என்று கேட்டுவிட்டு அங்கே இருந்தவன் சிரித்தான். நான் விடவில்லை. மலாயை எழுத்துக்கூட்டிப் படிக்கும் எனக்கு, இந்த மாதிரி காடிக்கு யார் என்ன விலை சொல்கிறார்கள் என்று போனில் தேடிப் படிக்க ஒரு வாரம் ஆனது. மாற்றாத இஞ்சின், ஒரே சொந்தக்காரர், நிழலில் நின்ற பெயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு போட்டேன். சர்ட்டிபிகேட் இல்லாத ஆடிட்டர் என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே, அந்த ஆடிட்டர் கணக்கு தப்பவில்லை. பத்து பாகாட்டிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். பழைய காடிகளைச் சரிசெய்து வைத்துக்கொள்கிறவர். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். பேனட்டை மூடும்போது உங்களைப் போலவே உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். எட்டாயிரம் என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. டிரைவர் சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும். பரிசோதனையில் அதைப் படிக்க முடியாவிட்டால் பெயர் மாற்ற விடமாட்டார்கள். அப்புறம் அது வெறும் இரும்புதான்.

அதைப் பார்க்கத்தான் தம்பி வந்தார். சீட்டைக் கழற்றித் தூக்கியதும் அடியில் அந்த மண் குவளை. ஞாபகம் இருக்கிறதா? காடி வாங்கிய புதிதில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. கண் பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றேன். பழம் அழுகிப்போகும், கல் உப்பு வைக்கலாம் என்று சீட்டுக்கு அடியில் அடங்குகிற மாதிரி குவளையை நீங்கள்தான் தேடி வாங்கி வந்தீர்கள். அமாவாசைக்கு அமாவாசை உப்பு மாற்றினேன். நீங்கள் போன பிறகும் விடவில்லை. நிற்கிற காடி மேலும் கண் படும்தானே? மழை மாதங்களில் உப்பு கசிந்து வழிந்ததைக் கார்பெட் மறைத்துவிட்டது. தம்பி கார்பெட்டைப் பிடித்து இழுத்தார். தகட்டில் ஒரு பகுதி அப்பளம் மாதிரி அதோடு பெயர்ந்து வந்தது.

"அலாமாக்" என்று தலையில் கை வைத்தார்.

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே டார்ச் பிடித்தேன். தம்பி மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. மகள் காடியின் பதிவுப் பத்திரமான கிரானைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்து வாசித்தாள். கடைசி எழுத்துக்கு முன் எழுத்து வரவில்லை. அங்கே ஓட்டைதான் இருந்தது.

தம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இதுக்கு ஏன்கா கவலைப்படுறீங்க? பின்னாடி ஒரு தகடு வச்சு ஒட்டி, கிரான்ல இருக்கிற நம்பரையே ஒரு தட்டு தட்டிடலாம்லா. நாம என்ன திருட்டுக் காடியா விக்கிறோம்?"

நான் டார்ச்சை அணைத்தேன். மகள் என்னைப் பார்க்காமல், "தட்டட்டும்மா" என்றாள்.

அப்போது உங்கள் பழைய மோட்டார் சைக்கிளை விற்ற நாள் நினைவுக்கு வந்தது. வந்தவன் நீங்கள் கேட்ட விலைக்குச் சம்மதித்துப் பணத்தை எடுத்துவிட்டான். நீங்கள் வண்டியைச் சாய்த்து ஆயில் ஒழுகும் இடத்தைக் காட்டினீர்கள். அவன் பாதியாகக் குறைத்தான். அன்று இரவு வரை உங்களைத் திட்டினேன். "வாங்கினவன் வீட்டுக்குப் போயி கண்டுபிடிச்சா நம்மள வைவான். இங்கயே தெரிஞ்சா வெலதான் கொறையும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றும் வருகிறது. பிள்ளைக்குப் பால் மாவு வாங்குகிறவள் நம் மகள். உங்களுக்குச் சொல்வது சுலபம், நீங்கள் படத்தில் இருக்கிறீர்கள்.

இருந்தாலும் தம்பியிடம் வேண்டாம் என்றேன். அவர் கூலி வாங்காமல் போய்விட்டார். வருத்தத்தில் வாங்கவில்லையா, கோபத்திலா தெரியவில்லை. மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். குவளையில் மிஞ்சிய உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். சாமி விளக்கு ஏற்றிவிட்டு, ஓட்டையைப் படம் பிடித்து, எனக்குத் தெரிந்த மலாயில் அந்தப் பத்து பாகாட்காரருக்கு எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டார், போனில் நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இல்லை. மகள் கதவைத் திறந்து வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "ஐயா, சீட்டுக்கு அடியில் தகடு துருப்பிடித்துவிட்டது. நம்பரில் ஒரு எழுத்து இல்லை. நாங்கள் தட்டிச் சரிசெய்யவில்லை. இதைப் பார்த்த பிறகும் காடி வேண்டுமா, என்ன விலைக்கு என்று சொல்லுங்கள். என் மகளுக்கு அவசரம். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."