சாவித் துவாரத்தில் குடித்தனம்

மார்ச் 3
ஜன்னல் மூலையில் ஒரு குளவி மண் கொண்டுவந்து அப்புகிறது. செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கி அடித்தேன். என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. குளவி நலம்.

மனைவி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. அன்று ஆசையாகத் திரைச்சீலை தைத்து மாட்டினாள். நான் அளவு நாடாவை எடுத்துப் பிடித்து, "இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருக்கு" என்றேன்.

"உங்க வாயில என்னைக்காவது நல்லாருக்குன்னு வந்திருக்கா?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கட்டட மேற்பார்வையாளன் நான். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டில் அதை இலவசமாகச் செய்கிறேன். ஃபோன் பண்ணலாம். பண்ணி என்ன சொல்ல?

மார்ச் 5
பக்கத்து வீட்டு விலங்கியல் ஆசிரியை சொன்னார்: "இது தனியா வாழுற குளவி சார். கூட்டமா வந்து கொட்டாது. நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

சும்மா இருப்பதா? நானா?

மார்ச் 10
இன்னொரு குளவி முன்கதவுச் சாவித் துவாரத்தில் புகுந்து, புழுவைத் திணித்து, மண்ணால் அடைத்துவிட்டது. குச்சியோடு போனவன் டார்ச் அடித்துப் பார்த்து அப்படியே நின்றேன். என்ன பூச்சு! வெடிப்பு இல்லை, பிசிறு இல்லை. "பிரமாதம்!" என்று வாய்விட்டே சொன்னேன். என் கொத்தனார்கள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

இனிப் போகவர பின்வாசல்தான். அதற்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினேன்.

மார்ச் 11
அரிசி குழைந்துவிட்டது. குறை சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 14
போச்சு. எல்லாம் போச்சு.

நான் வேலையில் இருந்தபோது அவளாகவே திரும்பி வந்திருக்கிறாள். முன்கதவில் சாவி நுழையவில்லை. பின்வாசலில் புதுப் பூட்டு. சாயங்காலம் ஃபோன்: "பூட்டை மாத்துற அளவுக்கு வந்துட்டீங்களா?"

"ஐயோ, அது குளவி..."

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்." வைத்துவிட்டாள்.

திருப்புளியை எடுத்தேன். ஆனா சுரண்டிட்டா அப்புறம் எதைக் காட்டி நம்பவைப்பேன்? இருக்கிற ஒரே சாட்சி அதுதானே! முட்டாள், முட்டாள்.

மார்ச் 15
விடிந்ததும் அவள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். குனிந்து துவாரத்தைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். "எவ்வளவு நேர்த்தி பாரேன்" என்று உளறினேன்.

மெதுவாக நிமிர்ந்தாள். "பூச்சிக்குப் பாராட்டு கிடைச்சிருச்சு. எனக்குத்தான் இன்னும் கிடைக்கல."

"நீ இனிமே வரவே மாட்டியோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

பையை என் பக்கம் நகர்த்தினாள். "பையைத் தூக்கிட்டு வாங்க, பின்வாசல் வழியா."

மார்ச் 22
தபால்காரருக்காக ஓர் அட்டையில் 'பின்பக்கம் வரவும்' என்று எழுதி, முன்கதவில் அவளே ஆணியடித்து மாட்டினாள். எதிரே போய் நின்றேன்.

"என்ன பாக்குறீங்க?"

"நல்லாருக்கு."

என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அட்டை கோணலாகத்தான் தொங்குகிறது. தொங்கட்டும்.