சுவருக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 19, செவ்வாய்

என் வீட்டை ஊர் மாற்றிவிட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே, என்னைக் கேட்காமல், என்னிடம் சொல்லாமல், பிறந்ததிலிருந்து வெஸ்கோம்காரனாக இருந்தவனை டார்பெல்காரன் ஆக்கிவிட்டார்கள்.

செய்தது எங்கள் வெர்மாண்ட் மாநிலச் சட்டமன்றம். எனக்குச் சொன்னது தபால்பெட்டி. எங்கள் தொகுதி உறுப்பினர் டெல்ஃபின் லாரோக் மார்ச் ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் வருஷாவருஷம் அனுப்பும் அறிக்கை இன்று வந்தது. ‘இதுவரை நிறைவேறிய மசோதாக்கள்.’ பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு: நல்லது. பழைய பாலங்களில் பாரவண்டிக்குத் தடை: இதை நான் எத்தனை வருஷமாகக் கத்துகிறேன், என் பெயரைக் காணோம். தேனீப் பெட்டிகளுக்குப் பதிவு: வெட்டிவேலை. கடைசியில், அவளுடைய சிரித்த படத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: ‘வெஸ்கோம், டார்பெல் ஊர்களின் எல்லைக்கோடு சீர்செய்யப்பட்டது. உடனே அமல். சிறு திருத்தம், யாருக்கும் பாதிப்பில்லை.’ பக்கத்தில் ஒரு குட்டிப் படம். அதில் கோடு என் வீட்டுக்கு மேற்கே போகிறது. வீடு, கொட்டகை, விறகு, பூனை, நான், எல்லாம் டார்பெல்.

யாருக்கும் பாதிப்பில்லையா?

போன் செய்தேன். “ஐயா, உங்க வீடு மேட்டுக்கு அந்தண்டைன்னுல்ல நெனச்சேன்! வரைபடத்துல அந்த இடம் வெறும் காடு” என்றாள்.

“அந்தக் காட்டுலேர்ந்துதாம்மா பேசுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டார்பெல்! எங்கள் தீயணைப்பு வண்டியை இரவல் வாங்கிப்போய் மணி இல்லாமல் திருப்பிக் கொடுத்த ஊர். எனக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. அந்த மணி இன்னும் அவர்கள் மன்றத்தில் தொங்குகிறதாம். அதைத் திருப்பிக் கேட்டு வருஷாவருஷம் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவது நான். இனி யாரிடம் கேட்பது? என்னிடமேயா?

பிப்ரவரி 20

ஊர் அலுவலகம் போனேன். எழுத்தர் ஒலிவ் டிரஸ்கட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

“வெளியூர்க்காரங்க வர்ற நாள் வியாழக்கிழமை.”

“வாக்காளர் பட்டியலைக் காட்டு ஒலிவ்.”

“உன் பேரை நேத்தே அடிச்சாச்சு.”

“என்ன சுறுசுறுப்பு!”

“எத்தனை வருஷமாக் காத்திருந்தேன்னு உனக்கென்ன தெரியும்?”

அறிவிப்பு ஒட்டினீர்களா என்று கேட்டேன். சட்டப்படி பொது இடங்களில் ஒட்ட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் சட்டப் புத்தகம் இருக்கும் நூலகம் எனக்குத் தெரியும். ஒலிவ் என்னைக் கையைப் பிடித்துக் கடை வாசல் பலகைக்கு இழுத்துப்போனாள். ‘பழைய டிராக்டர் விற்பனைக்கு, ஃபெரிஸ் கோல்பர்ன்’ என்ற என் சீட்டைத் தூக்கினாள். அதற்கு அடியில் எல்லை விசாரணை அறிவிப்பு. நவம்பரிலிருந்து இருக்கிறது.

“டிராக்டர் வித்துச்சா?” என்றாள்.

விற்கவில்லை. என் சீட்டை வேறு பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, சனி

டெல்ஃபின் நேரில் வந்தாள். பனியில் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது; மண்வாரியோடு போய் நான்தான் தள்ளிவிட்டேன். சண்டை போடக் காத்திருந்த எனக்கு, முதலில் அவள் காரைத் தள்ள வேண்டியிருந்ததில் கோபம் பாதியாகிவிட்டது. காப்பி கொடுத்தேன். சர்க்கரை கொடுக்கவில்லை.

எல்லை எது என்று சட்டமன்றக் குழுவில் கேட்டபோது, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பதில் சொன்னார்களாம்: ‘கல்சுவர்தான். ஃபெரிஸ் தீர்த்து வச்சது.’

அது உண்மை. நான் வெஸ்கோமின் வேலி மத்தியஸ்தன். ஊர்க்கூட்டம் வருஷாவருஷம் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும். வேலிச் சண்டை வந்தால் நாங்கள் போய் நின்று பார்த்துச் சொன்னதுதான் முடிவு. எங்கள் ஊர் டுவைட் கோப்லியின் மாடுகள் டார்பெல்காரர்களின் மேட்டு மேய்ச்சலில் புகுந்த வருஷம், என் வீட்டுக்குக் கிழக்கே ஓடும் ஓடைதான் ஊர் எல்லை என்று அவன் நின்றான். நான் மழையில் சுவர் நெடுக நடந்து, அடிக்கல் வரை தோண்டிப் பார்த்து, சுவர்தான் எல்லை என்றேன். சாகும்வரை டுவைட் என்னோடு பேசவில்லை. என் தீர்ப்பு மேட்டு நிலத்துக்கு மட்டும்தான். ஆனால் சர்வேயர் அந்தச் சுவரை நேர்கோடாகக் கீழே சாலைவரை இழுத்திருக்கிறார். அப்படி இழுத்தால் அது என் வாசலுக்கு மேற்கே வந்து விழும். நான் இழுத்துப் பார்த்ததே இல்லை.

“ஒரு வார்த்தை போதும் ஐயா. சுவர் எல்லையில்ல, ஓடைதான்னு குழு முன்னால வந்து சொல்லுங்க. திருத்த மசோதா போட்டு உங்களைத் திரும்ப வெஸ்கோமுக்கே கொண்டுவந்துடுறேன்.”

“சுவர்தான் எல்லை.”

“அப்ப நீங்க டார்பெல்.”

“அது எப்படி? நான் வெஸ்கோம்.”

அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். காப்பிக்குச் சர்க்கரை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 28

ஓடை என்று சொல்லப் பார்த்தேன், பூனையிடம், சத்தமாக. நாக்கு எழவில்லை. சுவர்தான்.

மார்ச் 5, செவ்வாய் — ஊர்க்கூட்டம்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஊரார் அல்லாதவர் எங்கள் கூட்டத்தில் பேச வேண்டுமானால் ஊர் அனுமதிக்க வேண்டும். டெல்ஃபின் டார்பெல்காரி. ஆகவே அவள் மசோதாக் கணக்குச் சொல்ல எழும்போதெல்லாம் கூட்டத் தலைவர் ஹைரம் பட்னி, “ஆட்சேபம் உண்டா?” என்பார். “உண்டு” என்பேன். அவள் மேல் பகை இல்லை. முறை என்றால் முறை. வாக்கெடுப்பு நடக்கும், எல்லோரும் கை தூக்குவார்கள், அவள் பேசுவாள். ஊருக்கு இது வருஷாந்திர வேடிக்கை.

இன்று உள்ளே நுழைந்ததும் ஹைரம், “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஓரத்து பெஞ்சைக் காட்டினார். வெளியூரார் பெஞ்சு. டெல்ஃபின் நகர்ந்து இடம் கொடுத்தாள். என் நாற்காலி, மூன்றாம் வரிசை, கணப்புக்குப் பக்கம், காலியாகவே இருந்தது. ஒருவரும் அதில் உட்காரவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

“இன்னிக்குப் பேச வெளியூரார் ரெண்டு பேர்” என்றார் ஹைரம். “முதல்ல நம்ம உறுப்பினர். ஆட்சேபம் உண்டா?”

மன்றமே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு ஆட்சேபிக்கவும் உரிமை இல்லை. வாயைத் திறந்து மூடினேன். சிரிப்பு கூரையில் இடித்தது.

“அடுத்தது, டார்பெல் ஊர் ஃபெரிஸ் கோல்பர்ன். ஆட்சேபம் உண்டா?”

“உண்டு!” என்றாள் ஒலிவ். முகமெல்லாம் பல். “முறைன்னா முறை.”

கை தூக்கினார்கள். எல்லாக் கையும். ஒலிவின் கையும்தான். ஆட்சேபித்தவளே ஆதரித்து வாக்களிக்கிறாள், பார்த்தீர்களா!

பேசினேன். எழுதி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. “எனக்கு அநியாயம் நடந்துபோச்சு” என்று ஆரம்பித்து, எப்படியோ பாலத்தில் போய், மதகில் இறங்கி, தீயணைப்பு மணியில் வந்து நின்றேன். ஹைரம் நேரமாயிற்று என்றார். கை தட்டினார்கள்.

பிறகு ஊர்ப் பனிவாரி வண்டிக்குக் குரல் வாக்கு. ‘ஆம்’ என்பவர் சொல்லுங்கள் என்றதும் பழக்கத்தில் “ஆம்!” என்று கத்திவிட்டேன். ஹைரம் சுத்தியலைத் தட்டினார். “மறுபடி கேட்கிறேன். அண்ணே, நீங்க வேண்டாம்.”

யாரும் சிரிக்கவில்லை. மதிய உணவின் சுட்ட பீன்ஸைத் தொடாமல் எழுந்துவிட்டேன். என் குரலை ஒதுக்கிவிட்டு எண்ணினார்கள்!

வெளியே டெல்ஃபின் காரைக் கிளப்பி நின்றாள். “எங்க கூட்டம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும். ஏறுங்க ஐயா. அங்க உங்க குரலை எண்ணியே ஆகணும்.”

“நான் வேடிக்கை பார்க்கத்தான் வர்றேன்.”

“சரி, வேடிக்கை பாருங்க.”

அதே நாள், தொடர்ச்சி

டார்பெல் கூட்டம் சந்தைக்கடை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசுகிறார். திருத்தத்துக்குத் திருத்தம் போட்டுவிட்டு மூலத்தை மறந்துவிட்டார்கள். எங்கள் மணியை (எங்கள் மணி!) அடித்து அடக்குகிறார்கள். கதவருகே பெயரைப் பதிந்துகொண்டு உட்கார்ந்தேன். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுந்து, “மூலத் தீர்மானம் இன்னும் மேசை மேல கெடக்கு, அதை முதல்ல எடுங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாருய்யா அது?” என்றது ஒரு குரல்.

“வெஸ்கோம் கிழவன். மணி கேட்டு வருஷாவருஷம் கடுதாசி போடுவாரே!”

“வந்துட்டாருடா! மணியை ஒளிங்க!”

டெல்ஃபின் தன் அறிக்கையைச் சொன்னாள். சொந்த ஊரில் அனுமதி தேவையில்லை. எல்லைக்கோடு வந்தபோது என்னைப் பார்த்து நின்று, “சிறு திருத்தம்னு எழுதினது என் தப்பு. அது ஒருத்தர் வீடு” என்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பதவிகளுக்கு ஆள் எடுத்தார்கள். வேலி மத்தியஸ்தர் இடம் காலி. அது என்ன வேலை என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சாலை மேஸ்திரி கிளேட்டன், தாடியில் கடுகுக் குழம்போடு, எழுந்தான். “அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டே நமக்குத் தீர்ப்புச் சொன்ன பெரிசு இவரு. இனிமே இந்தப் பக்கம் நிக்கட்டுமே!”

குரல் வாக்கு. நானும் ‘ஆம்’ என்றேன். எண்ணினார்கள்.

ஏப்ரல் 14

பனி உருகும் சேற்றுப் பருவம். கிளேட்டன் சாலை சமன்படுத்தும் கிரேடர் வண்டியோடு காலையிலேயே வந்து என் சாலையை இழுத்துவிட்டுப் போனான். வெஸ்கோம் இதை எந்த வருஷமும் மே மாதத்துக்கு முன் செய்ததில்லை. ஒப்புக்கொள்ள மனமில்லை. நல்ல வேலை.

மே 30

டெல்ஃபினின் சட்டமன்ற அமர்வு முடிவு அறிக்கை வந்தது. பாலத் தடைக்குப் பக்கத்தில் என் பெயர்! எழுத்தும் பெரிது.

மாலையில் ஒலிவ் வந்தாள். வெஸ்கோமில் வீடு வீடாக ஏறி இறங்கி, என்னைத் திரும்பச் சேர்க்கக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். கோப்லி வீட்டிலும். அவளே மூட்டுவலிக்காரி.

“நீ ஓடைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஜனவரியில மசோதா போயிடும்” என்றாள். காகிதங்களை மடியில் அடுக்கினாள். “நீ போனதுக்கப்புறம் கூட்டம் சப்புன்னு ஆயிடுச்சு, ஃபெரிஸ்.”

இந்த எழுபத்தெட்டு வருஷத்தில் எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

மேட்டுக்கு ஏறி, சுவர் மேல் உட்கார்ந்து யோசித்தேன். கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு வசதி என்பதற்காக நகராது. நகர்த்தினால் டுவைட்டிடமிருந்து எடுத்தது தீர்ப்பு ஆகாது, திருட்டு ஆகிவிடும்.

சுவர்தான் எல்லை. ஆகவே, ஆக வேண்டியவை:

டெல்ஃபின்: திருத்த மசோதா வேண்டாம். அடுத்த அறிக்கைக்கு முன், வரைபடத்தில் காடு என்று போட்டிருக்கும் இடத்துக்கெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கார் சக்கரத்தில் பனிச்சங்கிலி மாட்டிக்கொண்டு.

ஒலிவ்: அந்தக் கையெழுத்துகளை எனக்குத் தர வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவேன். மார்ச்சில் என் நாற்காலியில் அவளே உட்கார வேண்டும், கணப்புச் சூடு மூட்டுவலிக்கு நல்லது. நான் பேச எழுந்தால் தவறாமல் ஆட்சேபிக்க வேண்டும்.

ஹைரம்: எனக்கு ஐந்து நிமிஷம். குறைத்தால் ஒப்பமாட்டேன்.

வெஸ்கோம்காரர்கள்: சுவரின் தங்கள் பக்கத்துப் புதரை வெட்ட வேண்டும். வேலி மத்தியஸ்தர் சொல்கிறார்.

கிளேட்டன்: ‘டார்பெல் வரவேற்கிறது’ பலகை என் வீட்டைத் தாண்டிக் கிழக்கே நிற்கிறது. அதைப் பிடுங்கி வந்து என் வாசலுக்கு மேற்கே நட வேண்டும். குழி தோண்டி வைத்துவிட்டேன்.

நான்: கூட்டத்துக்குப் பீன்ஸ் செய்து கொண்டுபோக வேண்டும்; நம் ஊர் பீன்ஸ் மரத்தூள் மாதிரி இருக்கிறது. அப்புறம் மன்றத்து மணி ஆடுகிறது, இன்னும் இரண்டு ஆணி அடித்து இறுக்க வேண்டும். வெஸ்கோம்காரர்கள் கேட்டு வருவார்கள். கொடுக்கக் கூடாது.