குப்பையில் விழுந்த குரல்

கோட்டயம்,
18 ஜூன் 2013, செவ்வாய்.

பிரியமுள்ள மகள் பின்ஸிக்கு அப்பச்சன் எழுதுவது. ஈசோமிசிஹாவுக்கு, நம் இயேசு ஆண்டவருக்கு, துதி. நீயும் ரோய்ச்சனும், உன் வயிற்றில் இருக்கிற குழந்தையும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன்.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனிதன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். உட்கார்ந்துகொண்டு படி. பதறாதே, பதற வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது. இப்போது மிச்சமிருப்பது நீ செய்ய வேண்டிய ஒரு வேலைதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. உன் மெயிலில் வேண்டாத கடிதங்கள் போய் விழுகிற குப்பைத் தொட்டி ஒன்று இருக்கிறதாமே, அதைத் திற. உன்னைப் பெற்ற அம்மச்சியின் பழைய முகவரியிலிருந்து வந்தவை அதில் கிடக்கும். ஒன்றையும் விடாமல் எடுத்து, அழியாத இடத்தில் வை. வைத்துவிட்டு வந்து மீதியைப் படி.

வைத்தாயிற்றா? சரி. அம்மச்சிக்குத் தொண்டையில் புற்று. போன வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்த துளை வழியாக மூச்சு விடுகிறாள். நீ நர்ஸ், இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. உன் அம்மச்சி இனிப் பேசமாட்டாள்.

உன்னிடம் மறைத்தோம் என்று கோபப்படாதே. இரண்டு முறை கைக்கு வராமல் போன பிறகு தங்கியிருக்கிற குழந்தை இது. அதனால்தான் உன் அம்மச்சி, என் ஏலி, என்னைக் கட்டிப்போட்டாள். "எட்டு மாசக்காரிகிட்ட போய் இதச் சொல்லி அழவைக்கணுமா? போன்ல ஒரு வார்த்தை மூச்சு விட்டீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சொல்லி, மாதா சொரூபத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். போனில் சொல்லமாட்டேன் என்றுதான் நான் சத்தியம் செய்தேன். தபாலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலமெல்லாம் பாலா ரூட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குச் சட்டத்தில் சந்து தெரியாதா? மாதா மன்னித்துவிடுவாள். ஏலி மன்னிப்பாளா என்பதுதான் சந்தேகம்.

ஈஸ்டர் முதல் அம்மச்சி உன்னோடு பேசவில்லை. நீயும் ஒவ்வொரு ஞாயிறும் "அம்மச்சி எங்க?" என்று கேட்டாய். நானும் தொழுவத்தில் இருக்கிறாள், பள்ளியில் பூசைக்குப் போயிருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இன்னும் கோவம் தீரலையா அப்பச்சா?" என்று நீ ஒரு தடவை கேட்டாயே, அப்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, உன் குரலைக் கேட்டுக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கோபமில்லை மகளே, தொண்டை. ஒரு வார்த்தை பேசினால் நர்ஸான நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தாள்.

கோபப்பட வேண்டியவள் நீதான். அதை நான் மறக்கவில்லை. அந்த விளம்பர விஷயத்தில் உனக்கு நேர்ந்த அவமானம் சின்னதல்ல. ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று அவள் மறைத்துவிட்டாள்.

போன லீவில் நீ அவளுக்கு அந்தத் தொடுகிற போனை வாங்கிக் கொடுத்து, மெயில் பார்க்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாய். கொஞ்ச நாளில் அதில் ஒரு கடிதம் வந்தது. யாரோ ஒரு மார்கரெட்டாம். புருஷன் இறந்துவிட்டானாம், பிள்ளை இல்லையாம், புற்றுநோயில் கிடக்கிறாளாம், தன் சொத்தையெல்லாம் நல்ல மனம் படைத்த ஒருவருக்கு எழுதி வைக்க விரும்புகிறாளாம். பக்கத்து வீட்டு ஷைனிதான் படித்துச் சொல்லியிருக்கிறாள். வேறு யாராவதாக இருந்தால் ஒன்று ஏமாந்திருப்பார்கள், இல்லையென்றால் அழித்திருப்பார்கள். உன் அம்மச்சி நேரே பள்ளிக்குப் போய், மார்கரெட்டின் பேரில் ஒரு குர்பானைப் பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஞாயிறு விகாரியச்சன் நோயாளிகளுக்கான ஜெபத்தில் நம் பங்குக்காரர்களின் பெயரோடு மார்கரெட் பெயரையும் வாசித்தபோதுதான் எனக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும், "அடீ, அவ பொம்பளையே இல்ல. எங்கயோ ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிற தடியன்" என்றேன். அவள் பால் கறந்துகொண்டே, "தடியனுக்கும் ஜெபம் வேண்டித்தான் இருக்கு" என்றாள்.

அதோடு நிறுத்தினாளா? சொத்து வேண்டாம், உனக்காக ஜெபிக்கிறேன், கஞ்சியாவது குடி என்று ஷைனியை வைத்துப் பதிலும் போட்டாள். இந்த முகவரியில் பதில் சொல்கிற ஒரு ஆத்மா இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்துபோயிற்று. அப்புறம் வந்தது பார் ஒரு படை. லாட்டரி விழுந்தவர்கள், வழுக்கைக்கு எண்ணெய் விற்பவர்கள், வெளிநாட்டுக் கப்பலில் அரிசியோடு மாட்டிக்கொண்டவர்கள். போனைத் தொட்டால் போதும், வாசலில் நின்று மணியடிக்கிற பிச்சைக்காரனைப் போலத் திரையில் ஒரு பெட்டி குதிக்கும். அவளுக்கு எல்லாமே யாரோ ஒரு மனிதன் எதிரில் நின்று கேட்கிற மாதிரி. பதில் சொல்லாமல் போனால் மரியாதையில்லை என்று 'சரி' என்று போட்ட இடத்தையெல்லாம் தொட்டுவிடுவாள். அப்படித் தொட்ட ஒன்றுதான் அவள் பெயரிலேயே அந்த வெட்கங்கெட்ட மருந்து விளம்பரத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியது. விகாரியச்சனுக்குப் போயிற்று. ரோய்ச்சனின் அப்பாவுக்குப் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு, என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் வாழ்த்து எழுதியிருந்தாளே, உன் வார்டு தலைமை நர்ஸ், அவளுக்கும் போயிற்று.

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள் என்று நீ போனில் அழுதாய். "இனிமே எனக்கு ஒண்ணுமே அனுப்பாதீங்க அம்மச்சி" என்றாய். அவள் சரி மோளே என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோழிக்கூட்டின் பக்கம் போய் நின்றாள். சொன்ன சொல் தவறவில்லை. நோன்புக்காலம் முழுவதும் உனக்கு எதுவும் அனுப்பவில்லை, தொண்டை கரகரத்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு கம்மிய பிறகுதான் நான் இழுத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

மே மாதம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் குரல்வளை போகும் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை. உன்னிடம் வர எடுத்த விசாவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ரப்பர் ஷீட் புகைபோடுகிற கூடத்துக்குப் பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் போனை வாயருகே வைத்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். மூளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். ஷைனி குரலைப் பிடித்து மெயிலில் சேர்த்து அனுப்பக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். உன் சொல்லை மீறுகிறாயே என்றேன். "என் மோள்தானே, மன்னிச்சிருவா. குரல் போயிட்டா அப்புறம் எதைக்கொண்டு சொல்றது?" என்றாள்.

அன்று தொடங்கித் தினமும் காலையில் ஒன்று. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேறு முடிந்து குளிக்கிற தண்ணீரில் என்னென்ன இலை போட வேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் எதைப் போட வேண்டும், விக்கல் எடுத்தால் பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும், பால் கட்டினால் என்ன செய்ய வேண்டும். நடுவில் என்னைப் பற்றிக் குற்றப்பத்திரிகை. "உன் அப்பச்சன் இப்பவும் பல்லு விளக்குறதுக்கு முந்தியே காப்பி கேக்குறாரு, உன் பிள்ளை அந்தப் பழக்கத்தைப் படிச்சிரக் கூடாது" என்று ஒருநாள். இருமல் வந்தால் நிறுத்திவிடுவாள். தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இருமல் உன் காதில் விழக் கூடாதே.

கடைசியாக அனுப்பியது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை. அது உனக்கில்லை, குழந்தைக்கு. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிறந்ததும் நாக்கில் பொன்னும் தேனும் தொட்டு வைத்து, காதில் 'மாறன் ஈசோமிசிஹா' என்று ஆண்டவரின் நாமத்தைச் சொல்ல வேண்டும். குழந்தை கேட்கிற முதல் பேச்சு அதுவாக இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் அவள் விசா எடுத்தாள். அன்று புகைக்கூடத்தில் அதை மூன்று முறை சொன்னாள். குரல் கிழிந்துதான் இருந்தது. இருந்தாலும் அவள் குரல்.

இனிமேல் நான் சொல்லப் போவதுதான் எனக்குத் தூக்கம் தராத விஷயம். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே போனில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்து, உள்ளே குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்யவா என்று கேட்டிருக்கிறது. வழக்கம்போல மரியாதையாகச் சரி என்றிருக்கிறாள். போன் செத்துவிட்டது. கடைக்காரன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் உயிர் கொடுத்தான். பழைய மெயிலைத் திறக்கிற ரகசியச் சொல் அவளுக்கும் நினைவில்லை, ஷைனிக்கும் நினைவில்லை. எத்தனையோ முயன்று பார்த்துவிட்டோம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது அவள்தான் என்னைத் தேற்றினாள். "அதான் அவகிட்ட போய்ச் சேர்ந்தாச்சே. இங்க எதுக்கு?" என்றாள். ஏறக்குறைய அதுதான் அவள் வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

மறுநாள், அவளை உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில் ரோய்ச்சன் கூப்பிட்டான். பேச்சுவாக்கில் மெயில் பேச்சு வந்தது. "அம்மச்சி அனுப்புறதெல்லாம் நேரா குப்பைக்குப் போயிரும் அப்பச்சா, பின்ஸி அப்படித்தான் செட் பண்ணி வச்சிருக்கா" என்று சிரித்தான். அவன்மேல் தப்பில்லை. எத்தனை நாள் கிடக்கும் என்று கேட்டேன். முப்பது நாள், அப்புறம் தானாக அழிந்துவிடும் என்றான். அப்படியானால் முதலில் அனுப்பியவை ஏற்கனவே போயிருக்கும். நாளுக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். எடுத்து வை என்று அவனிடம் சொன்னால் ஏன் என்று கேட்பான், சத்தியம் என் வாயைக் கட்டியது.

நேற்று முன்தினம் ஞாயிறு உன்னிடம் கேட்டேனே, அம்மச்சி அனுப்பியதைப் பார்த்தாயா என்று. "என்ன அப்பச்சா, திரும்பவும் மருந்து விளம்பரமா?" என்று சிரித்தாய். அவள் கட்டிலில் கண் திறந்து கிடந்தாள். குப்பையில் தேடு என்று அவள் காதுபட எப்படிச் சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம். மெயில் எழுதலாம் என்றாள் ஷைனி. எனக்குப் பயம், அதுவும் உன் தொட்டியில் போய் விழுந்தால்? விரைவுத் தபாலில் போடுகிறேன். தபால்காரன் மனது வைத்தால் கடைசியில் அனுப்பிய சிலவாவது உனக்கு மிஞ்சியிருக்கும்.

நீ விமானம் ஏறிக் கிளம்பாதே. அதை நான் தாங்கமாட்டேன், அவளும் தாங்கமாட்டாள். ஷைனி உதவிக்கு இருக்கிறாள். பசுவை வர்கி வீட்டில் கட்டியிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் வெட்டு இல்லை, எனக்கும் வேறு வேலை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவு.

இங்கே ஒரு நர்ஸ் பெண் அம்மச்சிக்கு எழுத ஸ்லேட் கொடுத்திருக்கிறாள். கை தூக்க முடிந்ததும் தண்ணீர் கேட்பாள், வலிக்கிறது என்பாள் என்று நினைத்தேன். "மோள் கேட்டாளா?" என்று எழுதினாள். நான் கேட்டாள் என்று தலையாட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகு வேறு என்ன செய்ய முடியும்? பிறகு அதை அழித்துவிட்டு, "என்ன சொன்னாள்?" என்று எழுதினாள். அதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் வருகிறார் என்று வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஸ்லேட்டை அவள் இன்னும் அழிக்கவில்லை. தலைமாட்டில் சாய்த்து வைத்திருக்கிறாள். போன் செய் மகளே, செய்து அவள் காதில் வைக்கச் சொல். அவள் பதில் சொல்லவில்லையே என்று நிறுத்திவிடாதே, காது நன்றாகக் கேட்கிறது. ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளையையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. அவள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது.

உன் அன்புள்ள அப்பச்சன்,
குரியாக்கோஸ்.