போகிறவர்கள் பட்டியலில் நாற்பத்தோராவது பெயர்

ஏப்ரல் 22, திங்கள்

இன்று மதியத்துக்குள் நான்கு பேர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். என்ன விசேஷம் என்றே தெரியவில்லை.

முதலில் இசை டீச்சர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டியவள், அது போதாதென்று கதவைத் திறந்து உள்ளே வந்து கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இது மூன்றாவது வருடம், கிளம்புகிற பருவம்தான். சரி, வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டது போல என்று நானும் முதுகில் தட்டி, "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்தப் பள்ளியில் ஏப்ரல் வந்தால் இப்படித்தான். பிள்ளைகளின் அப்பாக்களுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வரும். டீச்சர்கள் இரண்டு வருடம், மிஞ்சிப் போனால் மூன்று வருடம் இருந்துவிட்டு அடுத்த பள்ளிக்கு மூட்டை கட்டுவார்கள். யார் யாரை ஏன் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. சேர்க்கை அலுவலக ஜன்னலில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ் அண்ணன் இன்று போன் செய்யவில்லை. தினமும் ஏழு ஐம்பதுக்கு, எந்த பஸ் தாமதம் என்று அவரே கூப்பிட்டுச் சொல்வார், இரண்டு வசவும் சேர்த்து. இன்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "3 - 15 நிமிடம்." அவ்வளவுதான். உடம்பு சரியில்லையோ?

ஏப்ரல் 25, வியாழன்

தெரிந்துவிட்டது.

கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் வந்து, "அக்கா, கப்ல உங்க பேர் மட்டும் போதுமா, சார் பேரும் சேத்துப் போடணுமா?" என்று கேட்டாள்.

பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்குப் பெயரும் வருடமும் போட்ட ஒரு பீங்கான் கப் கொடுப்பது இங்கே வழக்கம். வாங்கியவர்களில் பாதிப் பேர் பெட்டியில் எடை கூடுகிறது என்று அதை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அந்த அலமாரியில் இப்போது அறுபது கப்பாவது இருக்கும். நான் என்றைக்கும் ஊரை விட்டுப் போன யாரோ ஒருவருடைய பெயரில்தான் டீ குடிக்கிறேன். போகாதவர்களுக்குக் கப் கிடையாதே!

"எனக்கு எதுக்கும்மா கப்பு?" என்றேன். அவள் பட்டியலை நீட்டினாள். நாற்பத்தோராவது வரிசையில் என் பெயர். அதன்கீழ் மகள் பெயர், என் வீட்டுக்காரர் பெயர். "குடும்பத்துடன் விடைபெறுகிறார்கள்."

மகள் பன்னிரண்டாவது முடிக்கிறாள், கல்லூரிக்குப் போகிறாள், அது சரி. நான் எங்கே போகிறேன்? என்னிடம் யார் கேட்டார்கள்? போன வருடம் வரை இந்தப் பட்டியலை நான்தான் என் கையால் தட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பெயர் தப்பியதில்லை. இந்த வருடம் எட்டாவது முதல்வர் வந்தார், புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது, பட்டியல் தானாகத் தயாராகி எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தும் விட்டது. என் தலையெழுத்து.

ஏப்ரல் 26, வெள்ளி

கம்ப்யூட்டர்காரனிடம் போய் ஒரே வார்த்தையில் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏன்?

நேற்று முழுக்க யோசித்தேன். பட்டியல் வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த வளாகத்தில் நூற்றிருபது பேர் வேலை செய்கிறார்கள். கட்டிப்பிடித்தார்கள், வாழ்த்தினார்கள். ஒருவர், ஒரே ஒருவர் கூட "ஏன் போறீங்க?" என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு அந்த ஒரு கேள்வி கூடப் பெறாதா?

கேட்கட்டும். யாராவது கேட்கட்டும், அப்புறம் வாயைத் திறக்கிறேன்.

மே 3, வெள்ளி

என் நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி.

நூலகர் வந்து, என் மேசை விசிறியை "யாருக்கும் சொல்லலைன்னா" தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விளையாட்டு ஆசிரியர் என் வண்டி நிறுத்தும் இடத்தை அளந்து பார்க்கிறார், நான் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போதே! உயிரோடு இருக்கும்போதே வீட்டுச் சாமானைப் பங்கு போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது கண்ணால் பார்க்கிறேன்.

இன்னும் யாரும் கேட்கவில்லை.

மே 7, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். தப்பு பண்ணிவிட்டேன்.

தப்பாகப் பெயர் வந்துவிட்டது என்று நான் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார்.

"என்ன நல்லது?"

"நானே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். பொண்ணு காலேஜுக்குப் போறா. இனிமே இங்க நமக்கு என்ன இருக்கு? ஊர்ல வீடு இருக்கு. மார்ச்லயே தம்பிகிட்ட குடியிருக்கிறவங்களக் காலி பண்ணச் சொல்லியாச்சு."

சொல்லியாச்சாம்! மார்ச்சிலேயே! ஆக, கம்ப்யூட்டர் என்னைக் கேட்காமல் அனுப்பியது, இவரும் என்னைக் கேட்காமல் அனுப்பியிருக்கிறார். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? அதை அப்படியே வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். சண்டை. மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே எனக்கு என்ன இருக்கு? எனக்கு ஒரு ஜன்னல் இருக்கு. அழுதுகொண்டு வருகிற புதுப் பிள்ளைக்கு முதலில் தெரிகிற முகம் என் முகம். இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது. என்னை விட நன்றாகச் செய்கிறவர்கள் இந்தக் கட்டிடத்தில் யாரும் இல்லை. ஊருக்குப் போனால் நான் யாருக்கோ அண்ணி, யாருக்கோ சித்தி. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம்.

மே 8, புதன்

இன்றும் துண்டுச் சீட்டுதான். பஸ் அண்ணனுக்கு என்னதான் கேடு? இருக்கிற எரிச்சலில் இவர் வேறு.

மே 14, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் என் வேலைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வருட அனுபவம் போதுமாம். "இனிய வரவேற்பு மனப்பான்மை" வேண்டுமாம். அதை ஒட்டுவதற்கு என்னிடமே வந்து குண்டூசி வாங்கிப் போனார்கள்.

மே 31 அன்று அடுத்த வருட வேலைக் கடிதம் கொடுப்பார்கள். அன்று கையில் கடிதம் இல்லையென்றால் ஆகஸ்டில் எனக்கு இங்கே நாற்காலி இல்லை. இனி வீம்பு பிடித்துப் பிரயோஜனம் இல்லை. வியாழக்கிழமை போய்க் கிழிகிழி என்று கிழித்துவிட்டு வருகிறேன்.

மே 16, வியாழன்

போனேன். கம்ப்யூட்டர்காரனை நிற்க வைத்துக் கேட்டேன். எந்த மடையன் இந்த ஏற்பாட்டைச் செய்தான், உயிரோடு உட்கார்ந்திருக்கிற ஆளை ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியலில் தள்ள எவ்வளவு திமிர் வேண்டும் என்று. அறையில் ஆறு பேர் இருந்தார்கள். குரல் வராந்தா வரை போயிருக்கும்.

அந்தப் பையன் பழைய கோப்பு ஒன்றைத் திரையில் திறந்து, "இதைத்தான் மேடம் அப்படியே ஏத்தினோம்" என்றான்.

"ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை படிப்பை முடித்தால், வேறுவிதமாக எழுதித் தராதவரை, அந்தக் குடும்பம் விடைபெறுவதாகவே கொள்ளப்படும்."

கீழே கையெழுத்து. என்னுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் தேதி.

நினைவு வந்துவிட்டது. அப்போதெல்லாம் குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஆகஸ்டில் வந்து பார்த்தால் தபால் பெட்டியில் கடிதம் குவிந்து கிடக்கும், யாருக்கு யார் பதில் சொல்வது? ஒரு நாள் கோபம் தலைக்கேறி, மூன்றாவது முதல்வரிடம் சண்டை போட்டு இந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன். அன்று மகள் கிண்டர்கார்டனில் இருந்தாள். நானும் இந்தப் பள்ளிக்கு ஒரு பெற்றோர்தான், என் கடைசிப் பிள்ளையும் ஒரு நாள் முடிப்பாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றான். அது இன்னும் வலித்தது.

மே 17, வெள்ளி

தலைவலி என்று சொல்லி லீவு. மடையன் யார் என்று பள்ளி முழுக்கத் தெரிந்திருக்கும்.

மே 20, திங்கள்

துண்டுச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தும் கொட்டகைக்கே போய்விட்டேன். அண்ணன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வருடம் ஆகிறது அவர் இங்கே வந்து. எனக்கு முன்பிருந்தே இருக்கிற ஒரே ஆள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு மாசமா சீட்டு அனுப்பிட்டிருக்கீங்க?"

அடுத்த டயருக்குப் போனார். நானும் போனேன். அதற்கடுத்த டயரில்தான் திரும்பினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் போற?" என்றார். "எவன் என்ன சொன்னான்? எதுக்குப் போற? ஊரே போகட்டும், வந்தவன் போறான். நீ எதுக்குப் போற? அதையும் நான் பட்டியல்ல பாத்துத் தெரிஞ்சுக்கணும், இல்ல? என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல. போ, நல்லா இரு. இனிமே போன எடுத்து யார்கிட்டடா பேசறது?"

ஒரு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. முதல் நாளிலிருந்தே அது இந்த மனிதரிடம் இருந்திருக்கிறது, கோபமாக உட்கார்ந்துகொண்டு. அழுதேன். கொட்டகையில் நின்றுகொண்டு, டிரைவர்கள் எல்லாரும் பார்க்க, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அப்புறம் விதியின் கதையைச் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பு! ஏழாம் நம்பர் பஸ் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நீயே போட்ட சட்டத்துல நீயே உள்ள போய்ட்டியா? போய் முதல்வர்கிட்ட சொல்லும்மா. வெக்கப்பட்டுக்கிட்டு இங்க நின்னா யாரு வந்து கூப்புடுவா?"

மே 23, வியாழன்

முதல்வரைப் பார்த்தேன். முழுதும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. அவர் சிரிக்கவில்லை. நான் போவது அவருக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்ததாம். ஏன் என்று கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாராம். இது அவருக்கு ஆறாவது பள்ளி. எந்தப் பள்ளியிலும் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

என் இடத்துக்கு இரண்டு பேரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்களாம். நிர்வாகக் குழுவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். நிச்சயம் என்று சொல்லவில்லை.

மே 31, வெள்ளி

மாலை நாலேகாலுக்குக் கடிதம் வந்தது. ஒரு வருடம். வருடா வருடம் வருகிற அதே கடிதம்தான், இந்த முறை நின்றுகொண்டே மூன்று தரம் படித்தேன்.

அவரிடம் காட்டினேன். வாங்கி இரண்டு தரம் படித்தார். கடைசியில், "தம்பிகிட்ட நீயே பேசு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார். பேசினேன். குடியிருப்பவர்கள் லாரிக்குச் சொல்லிவிட்டார்களாம், திரும்ப ரத்து செய்யச் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். இன்னும் ஒரு வருடம், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து.

ஜூன் 14, வெள்ளி

கடைசி நாள். வழக்கம்போல இருக்கிறவர்கள் வாசல் படிகளில் இரண்டு பக்கமும் நின்றோம். போகிறவர்கள் நடுவில் இறங்கி கேட் வரை நடப்பார்கள், நாங்கள் கை தட்டுவோம். எதிர் வரிசையில் பஸ் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில்.

என் பெயரை வாசித்துத் தொலைத்தார்கள். பட்டியலை யாரும் திருத்தவில்லை! எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன் அங்கிருந்து, "அவங்க எங்கயும் போகல, அடுத்த பேரப் படிங்க" என்று கத்தினார்.

அடுத்த பெயர் மகளுடையது.

தோழிகளோடு சிரித்துக்கொண்டே இறங்கினாள். முடியை வாரவில்லை. என் படிக்கு வந்ததும் நின்றாள், சட்டென்று கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வரேம்மா" என்றாள். வீட்டுக்குத்தான் வரப்போகிறாள், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இருந்தாலும் அந்த வார்த்தை. பத்தொன்பது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குத் தட்டிய கை, அவள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் தட்டவே இல்லை. அப்படியே நின்றது.

நான் போகிறேனா இருக்கிறேனா என்று இரண்டு மாதம் குதித்தேன். இந்த வீட்டிலிருந்து நிஜமாகப் போகிறவள் யார் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? நினைக்காமல் இருப்பதற்காகத்தான் குதித்தேனோ?

ஆகஸ்ட் 19, திங்கள்

பள்ளி திறந்தது. முதல் வேலையாக விதியில் "பணியாளர் குடும்பங்கள் நீங்கலாக" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு ஐம்பதுக்குப் போன் அடித்தது. "மூணாம் நம்பர் இருவது நிமிஷம் லேட்டு. புது டிரைவர், வழி தெரியாம மூக்கால அழுவுறான். பாப்பா ஹாஸ்டல்ல சாப்டுதா?" என்றார் அண்ணன். சாப்பிடுகிறாள் என்றேன். நேற்று இரண்டு தரம் கூப்பிட்டாள் என்பதையும் சொன்னேன்.

பதினொரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் புது அறிவியல் டீச்சர் என் கப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அதில் பொன்னெழுத்தில் என் பெயர், போன கல்வியாண்டு, "பிரியா விடை". வந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது, பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, இவர் ரொம்ப நாள் இருந்தாரா, இப்போது எங்கே இருக்கிறார், ஏன் போனார் என்று கேட்டாள்.

ஏன் போனார் என்று கேட்டாள்! வந்த முதல் நாளே.

அவள் குடித்து முடிக்கிற வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கப்பை வாங்கிக் கழுவி, எனக்கு டீ ஊற்றிக்கொண்டேன்.