இங்கே அடுத்த தெரு கிடையாது

ஏலப்பாறையிலிருந்து திரும்பும் பேருந்தில் இன்று பக்கத்து இருக்கை அம்மா யூக்காலி தைலப் புட்டியைத் திறந்தார். அடுத்த வளைவு வருவதற்குள் பேருந்து முழுக்க உன் வாசம். மலை இறக்கத்தில் குமட்டும் என்று நீ அதை மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டு, கண்ணை மூடி, என் தோளில் சாய்ந்துகொள்வாய். தைலம் என் பள்ளிச் சீருடையில் ஒட்டிவிடும். வகுப்பில் எனக்குத்தான் சளி என்று நினைப்பார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. நான் எதைத்தான் மறுத்துச் சொன்னேன்?

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்று நான் போய்வந்த இடத்தை உன்னிடம் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் நம் படங்களைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆறு வீடுகளுக்கு ஒரே கூரை உள்ள நம் தேயிலை எஸ்டேட் லயத்தில் உன்னுடையது மூன்றாவது, என்னுடையது நான்காவது. நடுச்சுவர் கூரையைத் தொடாது. உங்கள் வீட்டில் தாளிக்கும் கடுகு எங்கள் வீட்டில் வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி, உன் கைபேசியைச் சாப்பாட்டுத் தூக்கின்மேல் சாய்த்து வைப்போம். உனக்கு ஒரே வகைப் படம்தான் பிடிக்கும். ஒருவனும் ஒருத்தியும் மோதிக்கொள்ளவேண்டும், சண்டை போடவேண்டும், நம்மைச் சிரிக்கவைத்துவிட்டுச் சேர்ந்துவிடவேண்டும். எந்த மொழியில் எடுத்தாலும் அது பெரிய நகரத்தில்தான் நடக்கும். பாட்டுக்கு மட்டும் நம் தேயிலைக் காட்டுக்கு வருவார்கள்.

"பாட்டு முடிஞ்சதும் ஊருக்கு ஓடிருவாவ, பாரு. ரெண்டு நிமிசம் கூட நின்னா அட்டை ஏறிரும்லா" என்பாய்.

ஏன் எல்லாம் நகரத்திலேயே நடக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். கல்லூரியில் சேர்ந்த புதிது. நானே பதிலும் சொன்னேன்: அங்கே ஜனம் அதிகம், அதனால் தெரியாத இரண்டு பேர் சந்திக்க வாய்ப்பும் அதிகம். நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"அதில்லட்டி. அங்க ஒருத்தி கோட்டித்தனம் பண்ணி ஊரே சிரிச்சாலும் அடுத்த தெருவுக்குப் போயிரலாம். அங்கன அவள யாருக்கும் தெரியாது. இங்க அடுத்த தெருவே கிடையாதுல்லா."

கதாநாயகி தன் அறைக் கதவைத் திறக்கும் காட்சி வந்தால் படத்தை நிறுத்திவிடுவாய். "சாவிய அவளே வச்சிருக்கா, பாத்தியா? வீடு யாரு பேர்ல இருக்குன்னு ஒருத்தனாவது கேக்கானா?"

எஸ்டேட்டில் வேலை உள்ளவர் பேரில்தான் வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்தக் கேள்வியைக் கேட்காத படம் நமக்கு எப்போதும் வெளிநாட்டுப் படம்தான்.

அப்படி ஒரு படம் உனக்கும் தொடங்கியது. கைபேசிக் கோபுரம் நிறுத்த வந்த ஆட்களில் ஒருவன், குழாயடியில் நீ குடம் பிடித்துக்கொண்டிருந்தபோது, இங்கே எங்கே ரேஞ்சு கிடைக்கும் என்று கேட்டான். "பலா மரத்துல ஏறுனா கிடைக்கும்" என்றாய். அவன் நிஜமாகவே ஏறினான். பாதி உயரத்தில் எறும்பு கடித்து, செருப்பு ஒருபக்கம் தான் ஒருபக்கம் என்று விழுந்தான். நீ குடம் நிரம்பி வழிவது தெரியாமல் சிரித்தாய். நகரத்துப் படமாக இருந்தால் அங்கேயே பின்னணி இசை வந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஏலப்பாறை பேக்கரியில் அவனோடு இருபது நிமிஷம் உட்கார்ந்தாய். துணைக்கு வந்த நான், வெட்கத்தில் வேறு மேசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டோம். நமக்கு முன்னால் செய்தி வந்து காத்திருந்தது.

"ஏட்டி, பப்ஸுல பாதிய வச்சிட்டு வந்துட்டியாமே? முட்டை வேகலயோ?" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"வெந்துச்சு அத்தே. மனசுதான் நெறஞ்சுபோச்சாம்" என்றாள் இன்னொருத்தி.

நீயும் சிரித்தாய். அவ்வளவோடு முடிந்துவிடும் என்று நாம் இருவரும் நினைத்தோம். அன்று சாயங்காலம் உன் கைபேசி உன் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போனது. கோபுர வேலை முடிந்து அவன் வேறு மலைக்குப் போய்விட்டான். பத்து நாளில் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் உனக்கு மாப்பிள்ளை முடிவானது.

நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். சபையை நடத்தும் உபதேசியார் பெண், மாப்பிள்ளை பெயர்களைப் படித்து, இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை இருந்தால் சபையில் யாராவது சொல்லலாம் என்பார். பிறகு கொஞ்சம் பொறுப்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படங்களில் கடைசி நிமிஷத்தில் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவருவான். நமக்கோ மூன்று வாரம் அவகாசம் கொடுக்கிறார்கள், ஒருவரும் ஓடிவருவதில்லை. இதைச் சொல்லிச் சிரித்ததும் நீதான்.

மூன்றாவது ஓலைக்கு முதல் நாள் குழாயடியில் என் கையைப் பிடித்தாய்.

"நாளைக்கு நீ எந்திச்சு தடை இருக்குன்னு மட்டும் சொல்லு. என்ன தடைன்னு கேட்டா நான் பொறவு சொல்லிக்கிடுதேன்."

"நீயே சொல்லேன்."

"என் ஓலைக்கு நானே எந்திச்சா எங்கம்மா அங்கனயே விழுந்துருவா. பொண்ணு எப்படிட்டி சொல்லுவா? வேற ஆளுதான் சொல்லணும். நீதான டிகிரி படிக்க, நீ சொன்னா கேப்பாவ."

சரி என்றேன். மறுநாள் உபதேசியார் கேட்டுவிட்டுப் பொறுத்தார். முன்வரிசையில் முக்காடு போட்டிருந்த நீ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். முதுகில் எத்தனை கண் விழும் என்று மட்டும்தான் மனம் கணக்குப் போட்டது. அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும், "நெனச்சேன். காலு மரத்துப்போச்சாக்கும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். நீ திட்டியிருக்கலாம்.

உன்னைக் கட்டியவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். கைபேசியைத் திரும்ப வாங்கித் தந்தவர் அவர்தான். "அவியளும் கூட உக்காந்து படம் பாப்பாவ, முத்தம் குடுக்கிற நேரம் பாத்துத் தூங்கிருவாவ" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோனது. குழிமேட்டில் அவர் சின்னப் பிள்ளைபோல அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது என் முறை. அம்மா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாள். அப்பா இல்லாத வீட்டில் எஸ்டேட் பதிவில் இருக்கும் ஒரே பேர் அவளுடையது. பட்டம் வாங்கிய மகள் கொழுந்து கிள்ளக்கூடாது என்று சாதித்தவள் அவள். அதனால் வேறு வழி பார்த்தாள். எஸ்டேட் பாக்டரியில் வேலை செய்யும் ஒருவரை நான் கட்டிக்கொண்டால் வீட்டை அவர் பேருக்கு மாற்றித் தருவார்கள். அம்மா கடைசிவரை இதே அடுப்பில் சமைக்கலாம். அவரிடம் நான் பேசியது ஒரே ஒருமுறை. என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நான்கு சுவரும் ஓட்டுக்கூரையும்தான் தெரிகிறது. அது அவர் தவறில்லை.

வருகிற ஞாயிறு முதல் ஓலை. இன்று காலை அம்மா வேலைக்குப் போனதும் ஏலப்பாறைக்குப் பேருந்து ஏறி உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் வாழைக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் ஓலைய வாசிக்காதீங்க."

"ஏம்மா, தடை யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, கை கழுவி, உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். என் பேர்மேல் ஒரு கோடு போட்டார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவ்வளவுதானா ஐயா?"

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லன்னா பொறவு ஓலை எதுக்கு? சபை முன்னால எந்திச்சு நிக்கதெல்லாம் வேற ஆளுகளுக்கு. பொண்ணு எந்தக் கிழமை வந்து சொன்னாலும் நான் நிறுத்தித்தான் ஆகணும்." புத்தகத்தை மூடிக்கொண்டே, "ஆனா இத்தனை வருசத்துல ஒரு பிள்ளையும் வந்ததில்ல" என்றார்.

உன் பேர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து கிள்ள இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவை அவிழ்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப வீடு?" என்றாள். தெரியாது என்றேன். படுதாவோடே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சு நின்றுபோயிருப்பது கேட்கிறது. குழாயடிக்கு நாளைக்கு நான் போயாகவேண்டும். ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் கொச்சியில் ஒரு வேலை, அம்மாவுக்கும் சேர்த்து ஒரு அறை. கிடைக்குமா என்று தெரியவில்லை. அம்மா வருவாளா என்பதும் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டியது இதுதான். நீ என்னைப் பார்த்துத் திரும்பிய அந்த நேரத்தை இவ்வளவு நாளும் என் கோழைத்தனம் என்று சுமந்தேன். இன்றிலிருந்து அது இன்னும் கனக்கிறது. யாரும் எழுந்து நிற்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, நாம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் போதும். நமக்குத் தெரியாது. ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, படித்தவளான எனக்கும்கூட.