காலி நாற்காலி கேட்ட கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாம் மோட்டாரில் மறுபடியும் கசிவு. மதியம் இரண்டு மணிக்குக் குடைக்காரரிடம் ஷிப்டை ஒப்படைத்துவிட்டு வந்தேன். வெயிலோ மழையோ, மனிதர் குடையில்லாமல் வந்ததில்லை. பதினொரு வருஷமாக இந்தக் குடிநீர் நிலையத்தில் நாங்கள்தான் மாற்றி மாற்றி. ஒரு வாரம் எனக்குக் காலை, அவருக்கு மதியம். அடுத்த வாரம் தலைகீழ்.

ஊரின் பேஸ்புக் குழுவில் இன்றும் போரைப் பற்றிய சண்டைதான். எங்கோ குண்டு விழுகிறது, இங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொள்கிறார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கூட்டமே அப்படித்தான், ஒருத்தரையும் நம்ப முடியாது" என்று போட்டேன். நாற்பத்திரண்டு லைக். ஒரு பதில்தான் உறுத்துகிறது. ஆளுக்குப் பெயரில்லை, படத்தில் ஒரு காலி நாற்காலி. "சிலர் செய்ததைப் பார்த்து அந்த மக்கள் எல்லோரிடமும் உங்களுக்குப் பயம் வந்துவிட்டது என்கிறீர்கள். சரியா?"

பயமா? எனக்கா?

மார்ச் 4, புதன்

திட்டுகிறவனைப் புரிந்துகொள்ளலாம். இத்தனை மரியாதையாக எழுதுகிறவனை எப்படி நம்புவது? 'வேவு பார்க்கிற நாய்' என்று எழுதினேன். "உங்களுக்கு என் மேல் சந்தேகம். சரியா?" என்று வந்தது. கூலிக்கு எழுதுகிற ஆளேதான். கணவரிடம் காட்டினால், "சரியா இல்லையான்னுதானே கேக்கறான், சொல்லிட்டுப் போயேன்" என்கிறார். இவர் ஏன் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்?

மார்ச் 5, வியாழன்

கணவர் குளிக்கப் போனபோது அவர் போனைப் பார்த்தேன். காலி நாற்காலி அவர் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் நிலையத்தில் ஒரு விதி. வருகிறவர், போகிறவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, போகிறவர் ஆமாம் என்ற பிறகே ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குடைக்காரர் இன்று சொன்னார்: "ரெண்டாவது மோட்டாரைத் தொடக்கூடாது, மூணாவதை அஞ்சு மணிக்கு நிறுத்தணும்னு சொல்றீங்க. சரியா?"

அந்த 'சரியா'! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அம்மா அந்த மக்களில் ஒருவர் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டு என் எதிரில் நின்றார்?

மார்ச் 9, திங்கள்

இந்த வாரம் அவர் எனக்கு ஒப்படைக்கிறார். குளோரின் சரிபார்த்தாயிற்று என்றார். திருப்பிச் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். அவர் கிளம்பியதும் குளோரின் அறையைத் திறந்து நானே அளந்தேன். ஊரே குடிக்கிற தண்ணீர் — பார்ப்பதில் என்ன தப்பு? எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது.

திரும்பினால் வாசலில் நிற்கிறார். குடையை மறந்துவிட்டாராம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

குடைக்காரர் விடுப்பு. காலி நாற்காலி குழுவை விட்டு வெளியேறியது. நிம்மதியாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

மார்ச் 12, வியாழன்

இன்றும் அவர் வரவில்லை. வேறு நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம். என்னைப் பற்றி ஏதாவது எழுதிக்கொடுத்தாரா என்று மேலாளரிடம் நூல்விட்டுப் பார்த்தேன். "வீட்டுக்குப் பக்கமா வேணும்னு எழுதியிருக்காரும்மா" என்றார்.

அவர் வீடு நிலையத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

வந்திருந்தார். பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அண்ணா, நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. ஒருத்தரையும் நம்ப முடியாதுன்னு எழுதினேன். அதுல நீங்களும் இருக்கீங்கன்னு யோசிக்கல. நீங்க பொறுமையா கேட்டீங்க. நான் நாய்னேன். சரியா?"

புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு விட்டுட்டீங்கம்மா" என்றார்.

என்னவென்று எனக்குத் தெரியும். போனில் முகம் தெரியாத ஆளுக்கு எதையும் எழுதிவிடலாம். எதிரில் நிற்கிறவரிடம் வாய் வரவில்லை. "தண்ணியில நீங்க ஏதாவது கலந்திருப்பீங்களோன்னு நினைச்சேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சரி" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மார்ச் 16, திங்கள்

இந்த வாரம் எனக்குக் காலை. இரண்டு மணிக்கு வந்தார். நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார். பிறகு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, என் கண்ணெதிரேயே குளோரின் அறையைத் திறந்து அளந்தார். நான் வாசலில் நின்றேன். உறைத்தது. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். நான் பையை எடுத்தபோது குடையை நீட்டினார்.

"வெயில் கடுமையா இருக்கு. நாளைக்கு மறக்காம கொண்டாந்துடுங்க."

என்னை நானே நம்பாமல், குடையைச் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.