காப்பு முடிச்சை அறுத்த செய்தி

வெண்குன்றம் ஓங்குக! அதன் ஏரிகள் நிறைக! பசி அறியாத அடுப்புகளும் பகை அறியாத வாயில்களும் நெடுங்காலம் நிலைக்க!

மன்னர் திரும்பும்வரை வெண்குன்ற நாட்டு அரியணையைக் காத்து, இலச்சினை ஏந்தி ஆளும் பெருந்தேவி கோதைநல்லாள், வடவெல்லைப் பாசறையில் படை நடத்தும் தம் கணவர், மலையரண்கள் பல வென்ற நெடுங்கோ மாறவேளுக்கு விடுக்கும் ஓலை. தேவியார் நலம். அப்படி எழுதுவதே முறை என்று ஓலைநாயகம் சொன்னதால் எழுதப்பட்டது. உண்மையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, உண்ண அமர்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். காரணம் பகைவர் அல்லர், குழந்தையின் செருப்பு.

மன்னர் நினைவுகூர்க. இளவரசர் வேண்மான் சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிய நாட்களில், தோல்வினைஞர் சிறு செருப்புகளைக் கொண்டுவந்து அவையில் பரப்பினர். தேவியார் எடுத்தது மான்தோலில் செய்தது. கையில் மடித்தால் மடியும், விரல்களுக்கு முன்னே சற்று இடம் இருக்கும், கணுக்காலைச் சுற்றும் வாரை ஒரு கொம்புக் குமிழில் மாட்டினால் போதும். கழற்றுவதும் நொடியில் ஆகும். மன்னர் எடுத்ததோ பொன்னிழை பதித்த தடித்த தோல். பாதத்தை முழுக்க மூடி, செம்பட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. வளரும் காலுக்கு இது ஆகாது என்றார் தேவியார். தமக்கும் தம் தந்தையாருக்கும் இதுவே கட்டப்பட்டது, எவர் காலும் குறைந்துவிடவில்லை என்று சொல்லி மன்னர் சிரித்தார். அவையும் சிரித்தது. மன்னர் சிரித்தால் அவைக்கு வேறென்ன வேலை?

பிறகு குலவழக்கப்படி, ஊரைவிட்டுப் புறப்படும் தந்தை தம் கையாலேயே குழந்தையின் செருப்புகளுக்குக் காப்பு முடிச்சிட்டார். கட்டியவரே திரும்பிவந்து அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் கட்டியவர் உயிருக்குத் தீங்கு என்பது நம் நம்பிக்கை. நல்ல வழக்கம்தான். ஆனால் அதை உண்டாக்கிய முன்னோர் காலையில் வேட்டைக்குப் போய், விளக்கு வைக்குமுன் வீடு திரும்பியவர்கள். மன்னர் போனதோ போருக்கு. பிறை வளர்ந்து தேய்ந்து மீண்டும் வளர்ந்தாயிற்று, போர் முடிந்தபாடில்லை. இப்படி ஆகும் என்று அன்று ஒருவரும் எண்ணவில்லை, தேவியாரும் எண்ணவில்லை.

குழந்தை முதலில் நொண்டியது. விளையாட்டுக் காட்டுகிறார் என்றாள் செவிலி கொற்றி. பிறகு நடப்பதையே விட்டுவிட்டுத் தவழ்ந்தது. கயிற்றுக்கு மேலே கால் வீங்கிச் சிவந்திருப்பதைத் தேவியார் கண்டார். செருப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், உள்ளே இடமே இல்லை, பிள்ளை வீறிட்டது. நாள் கணிக்கும் பெருங்கணியாரை அழைத்துக் கேட்டபோது, மன்னர் வாள்முனையில் நிற்கையில் முடிச்சைத் தொடலாகாது, தாய் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு சொன்னார். நசுங்குவது தாயின் கால் அன்று என்பதை அவருக்கு யார் சொல்வது? ஆனாலும் தேவியார் பொறுத்தார். ஒருபுறம் பிள்ளையின் கால், மறுபுறம் கணவரின் உயிர். கத்தியை எடுப்பார், வைப்பார். வடக்கிலிருந்து குதிரை வருகிறதா என்று மாடத்துக்கு ஓடுவார். அங்கே நிற்கவும் மாட்டாமல் திரும்பி ஓடிவருவார்.

குழந்தை அழும்போதெல்லாம் அரண்மனையில் யாவரும் செருப்பைத் தட்டிக் காட்டி, இது அப்பா கட்டியது, அப்பா வருவார், அப்பா அவிழ்ப்பார் என்றே தேற்றினர். தேவியாரும் அப்படித்தான் தேற்றினார். நேற்று முற்பகல் பிள்ளை தரையில் உட்கார்ந்து, இரு கையாலும் செருப்பை அடித்து அழுதது. எங்கே வலிக்கிறது என்று தேவியார் கேட்டார். காலைக் காட்டி அது சொன்னது:

"அப்பா."

இது கால் என்று தேவியார் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை மறுபடியும் அதையே சொல்லித் தேம்பியது. வலிக்கு அது வைத்திருந்த பெயர் அதுதான்.

"இவனுக்கு அப்பான்னா வலின்னு ஆயிடுச்சே," என்றார் தேவியார். "கொற்றி, அந்தக் கத்திய எடு."

பெருங்கணியார் குறுக்கே வந்தார். தேவியாரின் முகத்தைப் பார்த்து, வந்த வேகத்தில் விலகியும் விட்டார். கயிறுகள் அறுபட்டன. உள்ளே விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, ஒரு நகம் சதைக்குள் புதைந்திருந்தது. எலும்பு இளசு, கால் நேராகிவிடும் என்று மருத்துவர் எண்ணெய் இட்டுக் கட்டியிருக்கிறார். இன்று காலை குழந்தை வெறுங்காலோடு எழுந்து நின்று கொற்றியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. தேவியார் வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்தபின் அச்சம் பிடித்துக்கொண்டது. அறுத்த கை தம்முடையது. இத்தகைய நம்பிக்கைகளுக்குத் தாம் அஞ்சுவதில்லை என்று அவையில் உரக்கச் சொன்னார். அறைக்குள் வந்தபின் அஞ்சாமல் இருக்க முடியவில்லை. இந்நேரமும் அவர் நடந்துகொண்டேதான் சொல்கிறார், ஓலைநாயகம் எழுத்தாணியோடு பின்னால் ஓடுகிறார்.

ஆகவே ஆணையாவது: இனி வெண்குன்றத்தில் குழந்தைகளின் செருப்பு, விரலுக்கு முன் இடம் விட்டு, வாரும் குமிழும் வைத்து, எவர் கையாலும் கழற்றத்தக்கதாகவே தைக்கப்பட வேண்டும். காப்பு முடிச்சிட விரும்புவோர் வாசற்கதவில் இட்டுக்கொள்க, கதவு வளர்வதில்லை.

அடுத்தது மன்னருக்கு. இலச்சினை தேவியாரிடம் இருப்பதால் மன்னரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. இவ்வோலை கண்டதும், பிறரை எழுத ஏவாமல், தம் கைப்பட மறுவோலை விடுக்க. அது கிடைக்காமல் தூதுவன் பாசறையை விட்டு நகரலாகாது. மன்னர் வெல்லலாம், தோற்கலாம். தேவியார் அதைக் கேட்கப் போவதில்லை. அப்பா என்றால் யாரென்று பிள்ளைக்கு அவரே வந்து காட்ட வேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும். இது வேண்டுகோள் அன்று, அரியணையின் ஆணை.

இலச்சினை இட்டது கோதைநல்லாள்.